ஆட்டுக்கும் மருந்து கேக்கலை, மேய்க்கிறவருக்கும் கேக்கலை, ஏன்?

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்னு எங்க சுத்துப்பட்டுல ஆடு மாடு வச்சிருக்குற யார்கிட்ட வேணாலும் பேச்சுக் குடுத்துப் பாருங்க, "முன்னாடியெல்லாம் ஒரு ஊசில எந்திரிச்சு நிக்கும், இப்ப மூணு போட்டாலும் கேக்க மாட்டேங்குது, ஒடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு"ன்னு சொல்லுவாங்க. மருந்து கேக்கலைங்கிறது உண்மை. ஒடம்பு பழகிப்போச்சுங்கிறதுதான் தப்பு. ஆட்டோட ஒடம்போ நம்ம ஒடம்போ ஆன்டிபயாடிக்குக்குப் பழகுறதே இல்ல, மாறுறது உள்ள இருக்குற பாக்டீரியா. இத ஒண்ண மட்டும் பிடிச்சுக்கிட்டா மிச்சமெல்லாம் தானா புரியும், ஏன்னா ஒடம்பு பழகிருச்சுன்னா அது அந்த ஆட்டோட பிரச்சனை, ஆட்டோடயே போயிரும், ஆனா பாக்டீரியா மாறிருச்சுன்னா அது அந்த ஆட்ட விட்டு எறங்கி பால் கறக்குற கை, சாணி அள்ளுற கை, கறி வெட்டுற கைன்னு ஏறி அடுத்த ஒடம்புக்குப் போயிரும்.

நான் லேப்ல கல்ச்சர் பாக்குற வேலை செய்றேன், அதனால மத்தவங்க பேச்சுல கேக்குறத நான் தட்டுல பாப்பேன். ஒருத்தர் புண்ணுல இருந்து சீழ் எடுத்து வந்தா முதல்ல அதுல என்ன கிருமி இருக்குன்னு வளத்துப் பாத்துட்டு, அந்தக் கிருமிய இன்னொரு தட்டுல முழுசா தடவி, மேல சின்னச் சின்ன வட்டப் பேப்பரா வைப்போம், ஒவ்வொரு பேப்பர்லயும் ஒவ்வொரு ஆன்டிபயாடிக் ஊறியிருக்கும். ராத்திரி முழுக்க நம்ம ஒடம்புச் சூட்டுல வச்சுட்டு காலைல எடுத்துப் பாத்தா, எந்த மருந்து வேலை செஞ்சுச்சோ அந்தப் பேப்பரச் சுத்தி ஒண்ணுமே வளராம ஒரு தெளிஞ்ச வட்டம் நிக்கும், வேலை செய்யாத மருந்துன்னா பேப்பர் ஓரம் வரைக்கும் கிருமி பாசி மாதிரி மூடியிருக்கும். உங்க ரிப்போர்ட்ல மருந்துப் பேருக்கு நேரா எஸ், ஆர்னு எழுதியிருக்கே, சென்சிடிவ், ரெசிஸ்டன்ட், அது இந்த வட்டத்த ஸ்கேல் வச்சு அளந்து எழுதுறதுதான். ஆர் வரிசை வரவர நீளமாகிட்டே போகுது.

சரி, பாக்டீரியா எப்படி மாறுது? அது யோசிச்சு மாறல, அதுக்கு மூளையும் இல்ல. ஈ.கோலைன்னு ஒரு பாக்டீரியா, நம்ம குடல்லயும் மாட்டுக் குடல்லயும் சாதாரணமா இருக்குறது, நல்ல சாப்பாடும் சூடும் கெடச்சா 20 நிமிஷத்துக்கு ஒருக்கா ரெண்டா பிரியும். ஒண்ணு ரெண்டாகி ரெண்டு நாலாகின்னு கணக்குப் போட்டா 7 மணி நேரத்துல 20 லட்சத்தத் தாண்டிரும். இத்தன வேகமா பிரதி எடுக்கும்போது நடுவுல ஒண்ணு ரெண்டுல எழுத்துப்பிழை விழும், பெரும்பாலான பிழையால ஒண்ணும் ஆகாது, இல்ல அந்தப் பாக்டீரியாவே செத்துப்போகும், எப்பவாவது ஒரு பிழை தற்செயலா ஒரு மருந்துல இருந்து தப்பிக்க வழி குடுத்துரும். மருந்து இல்லாத வரைக்கும் அதுக்கு ஒரு மவுசும் கிடையாது, கூட்டத்துல ஒண்ணா கெடக்கும். மருந்து வந்த உடனே மத்ததெல்லாம் செத்து எடம் காலியாகும், தப்பிச்சது மட்டும் பெருகும். மருந்த பாதி டோஸ், பாதி நாள் குடுத்தா இன்னும் வசதி, அரைகுறையா தாங்குறதுகூட பொழச்சுக்கும். பெனிசிலினக் கண்டுபிடிச்ச அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945ல நோபல் பரிசு வாங்குன பேச்சுலயே கொறஞ்ச டோஸ் குடுத்துக் கெடுத்துராதீங்கன்னு எச்சரிச்சிருக்காரு, அந்த மருந்து மெடிக்கல் கடைக்கே சரியா வராத காலம் அது.

தப்பிக்கிற வழியும் ஒண்ணு ரெண்டு இல்ல. சிலது பெனிசிலினயே வெட்டிப் போடுற என்சைம் செய்யும், இத 1940லயே பாத்துட்டாங்க, ஒரு நோயாளிக்கு முறையா பெனிசிலின் ஏத்துறதுக்கு முந்தியே. சிலது உள்ள வந்த மருந்த பம்ப் வச்சு எறைக்கிற மாதிரி வெளிய தள்ளிரும், டெட்ராசைக்ளின்ங்கிற ஆன்டிபயாடிக்குக்கு இந்த வழிதான் ரொம்பப் பிரபலம். சிலது மருந்து போய் ஒட்டுற எடத்தையே மாத்தி வச்சுக்கும்.

இதோட நின்னிருந்தா சமாளிச்சிரலாம். பாக்டீரியாகிட்ட பிளாஸ்மிட்னு ஒண்ணு இருக்கு, வட்டமா ஒரு தனி டி.என்.ஏ. துண்டு, பரிட்சை ஹால்ல பிட் பேப்பர் கை மாறுற மாதிரி ஒரு பாக்டீரியா இத இன்னொண்ணுக்குக் குடுத்துரும், சொந்த ஜாதியா இருக்கணும்னுகூட இல்ல. அந்த ஒரு துண்டுல நாலஞ்சு மருந்துக்கான விடை சேந்தே எழுதியிருக்கும். அதனாலதான் கோழிக்கு டெட்ராசைக்ளின் மட்டும் குடுத்த பண்ணைல, குடுக்கவே குடுக்காத வேற மருந்துகளையும் தாங்குற கிருமி வளருது. இங்கதான் நம்ம ஆளுக பாதிப்பேரு நம்ப மாட்டாங்க, "அந்த மருந்தே நாங்க வாங்குனதில்லயே"ம்பாங்க. வாங்க வேண்டியதில்ல.

ஆடு மாடு கோழிக்கு ஆன்டிபயாடிக் மூணு காரணத்துக்குப் போகுது. நோய் வந்ததுக்குப் பாக்குறது ஒண்ணு, அதுல தப்பே இல்ல, மடிநோய் வந்து மடி வீங்கி கல்லா நிக்கிற மாட்ட மருந்தில்லாம விடுறது பாவம். நோய் வராம இருக்கட்டும்னு மொத்தக் கொட்டகைக்கும் தண்ணில கலந்து விடுறது ரெண்டாவது. மூணாவதுதான் விசித்திரம், சீக்கிரம் எடை ஏற. 1940கள் கடைசில அமெரிக்காவுல லெடர்லிங்கிற மருந்துக் கம்பெனில வேலை பாத்த தாமஸ் ஜூக்ஸும் ஸ்டாக்ஸ்டாடும் ஆன்டிபயாடிக் செஞ்சு மிஞ்சுன சக்கைய கோழிக்குஞ்சுக்குத் தீவனத்துல போட்டுப் பாத்தாங்க, குஞ்சு வேகமா வளந்துச்சு. அவ்வளவுதான், உலகம் பூரா தீவன மூட்டைக்குள்ள மருந்து ஏறிருச்சு, நோயே இல்லாத கோடிக்கணக்கான உசுருக்கு தெனம் துளித்துளியா. கிருமிக்கு ட்யூஷன் எடுக்கணும்னு உக்காந்து யோசிச்சாக்கூட இதவிட நல்ல வழி கெடைக்காது. ஐரோப்பிய யூனியன்ல வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் போடுறத 2006ல முழுசா நிறுத்துனாங்க, உலக சுகாதார நிறுவனம் 2017ல ஆரோக்கியமான பிராணிக்கு இதக் குடுக்காதீங்கன்னு எல்லா நாட்டுக்கும் சொல்லிருச்சு.

இப்ப கையாளுற ஆளுக்கு வருவோம், இந்தக் கட்டுரைய நான் எழுதுறதே அதுக்குத்தான். 1976ல ஸ்டூவர்ட் லெவின்னு ஒரு டாக்டர் பாஸ்டன் பக்கத்துல ஒரு சின்னப் பண்ணைல செஞ்ச ஆராய்ச்சிய வெளியிட்டாரு. 300 கோழிக்குஞ்சு, பாதிக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் (டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துதான்) கலந்த தீவனம், பாதிக்குச் சாதாரணத் தீவனம். மருந்து தின்ன குஞ்சோட குடல்ல ஒரு வாரத்துக்குள்ள கிட்டத்தட்ட எல்லா ஈ.கோலையும் டெட்ராசைக்ளினத் தாங்குறதா மாறிருச்சு. அஞ்சாறு மாசத்துல அந்தப் பண்ணை வீட்டு ஆளுகளோட மலத்தச் சோதிச்சா, அவங்க யாரும் அந்த மருந்தத் தொடல, ஆனா அவங்க சாம்பிள்ல 31 சதவீதத்துல பாக்டீரியா பெரும்பங்கு டெட்ராசைக்ளினத் தாங்குறதா இருந்துச்சு, அக்கம்பக்கத்து வீடுகள்ல 7 சதவீதம்கூட வரல. தீவனத்துல மருந்த நிறுத்தி ஆறு மாசம் கழிச்சுப் பாத்தப்ப, சோதிச்ச 10 பேர்ல 8 பேர்கிட்ட அந்தக் கிருமி காணாமப் போயிருந்துச்சு. இந்தக் கடைசி வரியத்தான் நான் எல்லார்கிட்டயும் அழுத்திச் சொல்லுவேன், நிறுத்துனா கொறையும்.

இன்னொண்ணு நெதர்லாந்துல. அங்க ஆஸ்பத்திரில எம்.ஆர்.எஸ்.ஏ.ங்கிற கிருமி ரொம்ப அபூர்வம், நம்ம தோல்லயும் மூக்குலயும் சாதாரணமா இருக்குற ஸ்டஃபைலோகாக்கஸோட முரட்டு வகை அது, பெனிசிலின் குடும்பத்து மருந்து எதுக்கும் அடங்காது. 2003ல ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு கைக்குழந்தைய சோதிச்சப்ப அது இருந்துச்சு, எங்கேருந்து வந்துச்சுன்னு தொளாவிப் பாத்தா அப்பா அம்மா பன்னிப் பண்ணை வச்சிருக்காங்க. அந்தப் பகுதிப் பண்ணைக்காரங்க 26 பேரச் சோதிச்சதுல 6 பேர்கிட்ட இருந்துச்சு, சாதாரண ஜனங்களவிட 760 மடங்குக்கு மேலன்னு 2005ல எழுதுனாங்க. அதுக்கப்பறம் அந்த நாட்டு ஆஸ்பத்திரில பன்னிப் பண்ணைல வேலை பாக்குறவர் அட்மிட் ஆனா மூக்குல பஞ்சு விட்டு டெஸ்ட் எடுக்குறது வழக்கமாச்சு. இதுல ஒரு கூத்து என்னண்டா, அந்தக் கிருமியோட வம்சத்த 2012ல தோண்டிப் பாத்தவங்க இது முதல்ல மனுஷன்கிட்டதான் இருந்துச்சு, சாதாரண மருந்துக்கே சாகுறதா இருந்துச்சு, பன்னிக்குப் போயி அங்க மருந்தத் தாங்கக் கத்துக்கிட்டு திரும்ப மனுஷனுக்கு வந்துருக்குன்னு சொன்னாங்க. ஆக, நம்மகிட்ட இருந்தும் அதுகளுக்குப் போகுது.

பயந்துராதீங்க, கிருமி மூக்குலயோ குடல்லயோ குடியிருக்குறதும் நோய் வர்றதும் வேற வேற. வருஷக்கணக்கா ஒண்ணும் பண்ணாம இருக்கும். அருவா பட்ட வெட்டுக்காயம், ஆபரேஷன், சர்க்கரை நோய்க்காரர் கால் புண்ணு, பொம்பளைகளுக்கு அடிக்கடி வர்ற சிறுநீர்த் தொற்று (அதுக்குப் பெரும்பாலும் காரணம் நம்ம குடல்ல இருக்குற ஈ.கோலைதான்), மஞ்சுவிரட்டுல கொம்பு கிழிச்ச காயம், இப்படி ஒரு வாசல் தெறந்தாதான் அது உள்ள எறங்கும். எறங்குறது முரட்டு வகையா இருந்தா டாக்டர் எழுதுற முதல் மருந்து கேக்காது, ரெண்டாவது கேக்காது. உலகம் பூரா 2019ல மட்டும் இப்படி மருந்து கேக்காத பாக்டீரியாவாலயே நேரடியா 12.7 லட்சம் பேர் செத்துருக்காங்கன்னு 2022ல கணக்கு வந்துச்சு. அதுல பெரும் பழி மனுஷனுக்கு மனுஷன் மருந்த வாரி எறைச்சதுமேலதான், ஆட்டு மேலயும் கோழி மேலயும் மட்டும் போட முடியாது. சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் வாங்கித் திங்கிற ஊரு நம்ம ஊரு.

இங்குட்டு அது எந்த வழியா போகும்? பிராய்லர் ஷெட்டுல குப்பை கிளறும்போது பறக்குற தூசி, கோழி பிடிக்கிற பையன் கை, கறிக்கடைக் கட்டை, கெடா உரிக்கிற ஆளோட நகம். மாட்டுக்கொட்டகைல கறந்துட்டு கைய முந்தானைல தொடச்சுட்டு அப்படியே பேரனுக்கு சோறு ஊட்டப் போற ஆச்சி. ஊர் ஊரா மந்தைய ஓட்டிட்டுப் போயி மேய்க்கிற கீதாரிகள் கிடை போடுற எடத்துல ஆட்டுக்கு நடுவுலயே படுத்து எந்திரிக்கிறாங்க, அந்த மந்தைல நோய் வந்தா ஊசி போடுறதும் அவங்களேதான், மாட்டு டாக்டர் எங்க தேடுறது, மந்தை இன்னைக்கு ஒரு ஊரு நாளைக்கு ஒரு ஊரு. அவங்களக் கொறை சொல்ல எனக்கு மனசு வரல, ஆனா ஆட்டோட எடைய கண்ணால மதிச்சு ஊசில ஏத்துறது பாதி நேரம் கொறஞ்ச டோஸாதான் முடியும். அப்பறம் சாணி, புழுக்கை. குடுத்த டெட்ராசைக்ளின்ல பெரும்பகுதி ஒடம்புல கரையாம அப்படியே வெளிய வந்துரும், கிருமியும் கூட வரும், மழை பேஞ்சா ஓடுகால் வழியா ஊரணிக்கு. ஒரு காலத்துல ஊரணி வரத்துக்கால்ல கால்நடைய விடாம காவல் போட்டு வச்சாங்க, இப்ப எத்தன ஊர்ல அது இருக்கு? சாணிய குப்பைக்கிடங்குல நல்லா மக்கவிட்டா உள்ள ஏறுற சூட்டுல நெறைய கிருமி செத்துரும், பச்சையா வயல்ல எறைக்கிறதவிட அது எவ்வளவோ மேல்.

கறி திங்கலாமான்னு கேப்பீங்க, செட்டிநாட்டுக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது. மருந்தத் தாங்குற பாக்டீரியா சூட்டத் தாங்காது, சோப்பையும் தாங்காது, அது ஆன்டிபயாடிக்குக்கு மட்டும்தான் முரடு. கொதிக்கக் கொதிக்க வெந்த கோழிக்கொழம்புல அது உசுரோட இருக்காது, பொங்குன பால்லயும் இருக்காது. ஆபத்து அடுப்புக்கு முந்தி, கறிய அரிஞ்ச அருவாமனைல அப்படியே வெள்ளரிக்காய நறுக்குறது, கோழிய பைப்புல பீச்சிக் கழுவி சிங்க் பூரா தெளிக்கிறது. சாப்புடுறவரவிட அரியிறவருக்குத்தான் இதுல கவனம் வேணும்.

ரெண்டு விஷயத்த ஜனங்க போட்டுக் கொழப்பிக்கிறாங்க, பால்ல கறில மிஞ்சுற மருந்து வேற, மருந்தத் தாங்குற கிருமி வேற. கிருமி கொதிச்சா சாகும், மருந்து பல நேரம் கொதிச்சாலும் முழுசா போகாது. ஊசி போட்ட மாட்டுப் பால்ல ஒற ஊத்திப் பாருங்க, சரியா ஒறையாது, ஏன்னா தயிர் ஆக்குறதே பாக்டீரியாதான், பால்ல இருக்குற மருந்து அதயும் அமுக்கிருது. அதனாலதான் ஊசி போட்ட பெறகு இத்தன நாள் பால் விக்கக்கூடாதுன்னு ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கெடு உண்டு, பாட்டில்லயே போட்டிருக்கணும், போடலேன்னா பாலுக்கும் முட்டைக்கும் 7 நாள், கறிக்கு 28 நாள்னு 2012லயே நம்ம நாட்டுல விதி வந்துருச்சு. இத யாரும் கடைப்பிடிக்கலேன்னா அதுக்கு பணம்தான் காரணம், ஒரு வாரப் பால கீழ ஊத்துன்னு ரெண்டு மாடு வச்சிருக்குற வீட்டுல சொல்லிட்டு நான் பாட்டுக்கு வந்துரலாம், அவங்க எதுல தவணை கட்டுறது?

சட்டம் வேலையே செய்யலேன்னும் சொல்ல முடியாது. கொலிஸ்டின்னு ஒரு பழைய மருந்து, கிட்னியக் கெடுக்குதுன்னு டாக்டருங்க ஓரங்கட்டி வச்சிருந்தாங்க, கோழிக்கும் பன்னிக்கும் அள்ளிப் போட்டாங்க. அப்பறம் ஐ.சி.யூ.ல எதுவுமே கேக்காத நோயாளிக்கு அதுதான் கடைசி மருந்துன்னு ஆகிப்போச்சு. 2015 நவம்பர்ல சீனாவுல பன்னிகிட்ட, அப்பறம் கறில, ஆஸ்பத்திரி நோயாளிககிட்ட எம்.சி.ஆர்.-1னு ஒரு ஜீன் இருக்குறதா அறிவிச்சாங்க, கொலிஸ்டினத் தாங்குற ஜீன், அதுவும் பிளாஸ்மிட்ல, அதாவது கை மாறக்கூடிய பிட்டுல. இந்தியாவுல 2019 ஜூலைல கறி, பால், முட்டைக்கு வளக்குற எந்தப் பிராணிக்கும் கொலிஸ்டின் கூடாதுன்னு தடை போட்டாச்சு.

வீணாப் போற ஊசிதான் எனக்குப் பெரிய ஆத்திரம். கோழிக்கு வர்ற வெள்ளைக்கழிச்சல், மாட்டுக்கு வர்ற கோமாரி, ஆட்டுக்கொல்லி நோய், ஆட்டம்மை, இதெல்லாம் வைரஸ். ஆன்டிபயாடிக் வைரஸ ஒண்ணும் பண்ணாது. கோமாரிப் புண்ணுல மேல பாக்டீரியா ஏறிருச்சுன்னா டாக்டர் பாத்துக் குடுப்பாரு, அது வேற கணக்கு, ஆனா கோழி தலையத் தொங்கப்போட்ட உடனே தீவனக்கடைல பவுடர் வாங்கி தண்ணில கலக்குறது காசுக்கும் கேடு. இதுக்கெல்லாம் தடுப்பூசி இருக்கு, கோழிக்கழிச்சலுக்கு பிப்ரவரில முகாம் போடுறாங்க, கோமாரிக்கும் வருஷா வருஷம் வர்றாங்க. வைரஸுக்குத் தடுப்பூசி போட்டா ஆன்டிபயாடிக் வாங்குற வேலையே பாதி கொறையும். மடிநோய்க்கு ஆரம்பத்துலயே சோத்துக் கத்தாழை, மஞ்சத்தூள், சுண்ணாம்பு அரைச்சு மடில பூசுற முறைய தஞ்சாவூர்ல இருக்குற கால்நடைப் பல்கலைக்கழக மையம் சொல்லிக்குடுத்து, தேசிய பால்வள வாரியம் வரைக்கும் எடுத்துக்கிட்டாங்க. முத்திப்போன மடிக்கு அதயே நம்பி உக்காரக்கூடாது, 1962க்கு போன் பண்ணா கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

எங்க சொந்தத்துல ஆடு வச்சிருக்குற ஒரு அண்ணன் கையில புண்ணோட ஆஸ்பத்திரிக்குக் கெளம்புனாரு, "அண்ணே, ஆட்டுக்கு நீங்களே ஊசி போடுறதயும் டாக்டர்கிட்ட சொல்லிருங்க"ன்னேன். "போடா, அவரு எனக்குத்தானடா வைத்தியம் பாக்குறாரு, ஆட்டுக்கா?"ன்னாரு. அவருக்குத்தான் பாக்குறாரு, ஆனா ஆடு, மாடு, கோழியோட பொழங்குற ஆளுன்னு தெரிஞ்சா டாக்டர் வேற கணக்குப் போடுவாரு, மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முந்தி ஒரு கல்ச்சர் எடுக்கச் சொல்லலாம். மாட்டுக்கும் அதே மாதிரிதான், மடிநோய் திரும்பத் திரும்ப வந்தா கால்நடை ஆஸ்பத்திரில பால் சாம்பிள டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேக்கலாம். காம்ப நல்லாக் கழுவித் தொடச்சு, முதல் ரெண்டு மூணு பீச்ச கீழ விட்டுட்டு, அவங்க குடுக்குற சுத்தமான பாட்டில்ல பிடிச்சு, ஐஸ் வச்சு அன்னைக்கே குடுத்துரணும். முக்கியமா ஊசிக்கு முந்தி. ஊசி எல்லாம் போட்டு முடிச்சு, கேக்கலேன்னு தெரிஞ்ச பெறகு கொண்டு வந்தா, பால்ல இருக்குற மருந்து தட்டுலயும் வேலை காட்டி ஒண்ணும் வளராமப் போகலாம், அப்ப லேப்ல இருக்குறவன் 'நோ குரோத்'னு எழுதித்தான் குடுப்பான், அதுக்கு அவன்கிட்ட சண்டைக்கு வராதீங்க.